பச்சை மலை யாருடைய ஊர்?

அண்மையில் வெளிவரும் பிளாட்ஃபார்ம் வகை வீடியோ கேம்களை, அதாவது ஓடுவதையும் தாவுவதையுமே முதன்மையாகக் கொண்ட ஆட்டங்களை, ஆட உட்காரும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வருகிறது. என் கைத்திறனைச் சோதிப்பதற்கு முன்பே அவை என் வயதைச் சோதிக்கின்றன. இந்த இசைத்துணுக்கு எங்கிருந்து வந்தது தெரிகிறதா, கட்டம் போட்ட இந்தப் பழுப்பு மண்ணை முன்பு எங்கே பார்த்தாய், இந்த எதிரியின் மூதாதை யார் என்று விடாமல் கேட்கின்றன. விடை தெரிந்தவர்களுக்கு ஒரு புன்னகை கிடைக்கிறது. தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஒரு மலை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களின் பக்கம் நின்று பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் வளர்ந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் நிண்டெண்டோ என்ற ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனத்தின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைத்தெருவில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டி, அந்த நிறுவனம் ஜப்பானில் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற ஆட்ட இயந்திரத்தின் உரிமம் பெறாத நகல் என்பது எனக்குத் தெரியவந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரைச் செருகி, சேனல் குமிழைத் திருகித் திருகிப் படத்தை வரவழைக்க வேண்டும். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டியலில் கீழே போகப் போக அதே மரியோவும் அதே கான்ட்ராவும் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். சில பெயர்களைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கும், சிலவற்றில் உயிர்கள் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு வந்த சூப்பர் நிண்டெண்டோவும் நிண்டெண்டோ 64-உம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆகவே இன்றைய ஆட்டங்கள் தட்டி எழுப்பப் பார்க்கும் நினைவுகளில் பெரும்பகுதி என்னிடம் இல்லை.

என்னிடம் இருப்பது 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்றுதான், அதுவும் பத்தாண்டுகளுக்கும் மேல் தாமதமாக, அட்டைப்பெட்டியோ வழிகாட்டிப் புத்தகமோ இல்லாமல் வந்து சேர்ந்தது. அந்த ஆட்டம் எங்களிடம் எந்த முன்னறிவையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கு எனக்கு வியப்பாக இருக்கிறது. முதல் ஸ்டேஜின் முதல் சில நொடிகளைக் கூர்ந்து பாருங்கள். மரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் முழுவதும் வெட்டவெளி. போக வேண்டிய திசை யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. கேள்விக்குறி போட்ட ஒரு கட்டி மேலே மினுங்குகிறது, முகத்தைச் சுளித்த ஒன்று எதிரே நடந்து வருகிறது. ஒன்றும் செய்யாமல் நின்றால் உயிர் போகும். தாவினால் அதைத் தாண்டலாம், அல்லது அதன் தலையிலேயே இறங்கலாம். அடுத்த கட்டியை முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கமாக ஓடி, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. சற்று முன் வந்தவனைப் போன்ற உருவம்தான் என்பதால் பயந்து தாவுகிறோம், மேலே கட்டிகள் இருப்பதால் தலை இடித்துப் பெரும்பாலும் காளான் மேலேயே விழுகிறோம், மரியோ பெரியவனாகிறான். ஓர் எழுத்துகூடப் படிக்காமல் ஆட்டத்தின் இலக்கணம் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. ஆட்டத்தை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் தம்மை அறியாத ஒரு குழந்தையை, தம் மொழி தெரியாத ஒரு குழந்தையை, மனத்தில் வைத்து இதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு லட்சியம் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவர்களுக்கு இருந்த இடமோ மிகச் சொற்பம். மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே உருவம். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது: திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8 சிற்றுருவங்களுக்கு மேல் அதனால் வரைய முடியாது. அதற்கு மேல் ஒரே வரிசையில் கூடினால் சில மறைந்துபோகும், ஆகவே மாற்றி மாற்றிக் காட்டுவார்கள், படம் படபடவென்று துடிக்கும். நாங்கள் அதைக் கேசட்டின் கோளாறு என்று நினைத்து ஊதி ஊதிச் செருகுவோம்.

இப்போது 2008-க்கு வாருங்கள். கேப்காம் நிறுவனம் 'மெகா மேன் 9' என்ற ஆட்டத்தை அந்தக் காலத்துப் புதிய இயந்திரங்களுக்காக, வேண்டுமென்றே ஃபேமிகாம் காலத்துப் பழைய 8 பிட் தோற்றத்தில் வெளியிட்டது. அந்த இயந்திரங்களுக்கு 8 உருவங்கள் என்ற வரம்பெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தப் பழைய படத்துடிப்பைப் போலியாக வரவழைக்க அதில் ஒரு விருப்பத் தேர்வு வைத்தார்கள். அதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு: அந்தத் தொடரின் மூன்றாம் பாகத்தில் வந்த தரையில் சறுக்கும் வித்தையையும், நான்காம் பாகத்தில் வந்த சக்தி திரட்டிச் சுடும் வித்தையையும் நாயகனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தை நேசித்தவர்களுக்காக, அதற்குப் பிறகு நடந்த வளர்ச்சி நடக்கவே இல்லை என்று பாவனை செய்தார்கள். ஆட்டம் நன்றாகவே இருக்கும், அதை மறுக்கமாட்டேன். முந்தைய தலைமுறை தவிர்க்க முடியாமல் சகித்துக்கொண்ட குறையை ஓர் அலங்காரமாக விற்க முடியும் என்பதை அது தொழில்துறைக்குக் காட்டிக்கொடுத்தது என்பதே என் புகார்.

அந்த முந்தைய தலைமுறை எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981-இல் நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' ஆட்டம் வந்தபோது தாவலின் உயரம் மாறாது, தாவிய பிறகு காற்றில் திசை மாற்றவும் முடியாது. நான்கே ஆண்டுகளில் பொத்தானை அழுத்தும் நேரத்துக்கேற்ப உயரம் மாறும் தாவல் வந்துவிட்டது. 1990-இல் 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' ஓர் உலக வரைபடம் முழுவதும் ரகசிய வழிகளை ஒளித்துவைத்தது. 1996-இல் 'சூப்பர் மரியோ 64' எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு முப்பரிமாணத்துக்குப் போனது. கேமராவை நகர்த்துவது என்பதே வீட்டில் ஆடுபவர்களுக்குப் பழகாத செயல் என்பதால், மேகத்தின் மேல் உட்கார்ந்து கேமராவைப் பிடித்திருக்கும் ஒரு பாத்திரத்தையே உள்ளே வைத்துப் புரியவைத்தார்கள். 1985-க்கும் 1996-க்கும் இடையில் பதினோரு ஆண்டுகள்தான்.

பிறகு 2006-இல் 'நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தது. 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2009-இல் அடுத்தது, 2012-இல் ஒரே ஆண்டில் இரண்டு. நான்கிலும் முதல் உலகம் புல்வெளி, இரண்டாம் உலகம் பாலைவனம். இசையில் 'பா, பா' என்ற குரல் வரும் இடத்தில் எதிரிகள் துள்ளுவார்கள். முதல் முறை பார்க்கும்போது சிரிப்பு வரும், நான்காவது ஆட்டத்திலும் அதே துள்ளலைப் பார்க்கும்போது எங்கள் 9999 இன் 1 கேசட்தான் நினைவுக்கு வரும். அந்தக் கேசட்டுக்குக் காசு ஒரு முறைதான் கொடுத்தோம்.

வேகமாக ஓடும் நீல முள்ளெலியை நாயகனாகக் கொண்ட ஸோனிக் தொடரின் கதை இன்னும் விசித்திரமானது. 2017-இல் வந்த 'ஸோனிக் மேனியா', அந்தத் தொடரின் ரசிகர்களாக இருந்து உருவாக்குநர்களானவர்களின் கைவண்ணம். இயக்கத்தில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் அதன் 12 மண்டலங்களில் 8 மண்டலங்கள் பழைய ஆட்டங்களிலிருந்து எடுத்துத் திருத்தியவை, புதியவை நான்கே. தொடங்குவது 1991-இல் வந்த முதல் ஸோனிக் ஆட்டத்தின் அதே கிரீன் ஹில்லில், அதாவது பச்சை மலையில். அதே ஆண்டில் வந்த 'ஸோனிக் ஃபோர்ஸஸ்' ஆட்டத்திலும் கிரீன் ஹில் உண்டு, 2011-இன் 'ஸோனிக் ஜெனரேஷன்ஸ்' ஆட்டத்திலும் உண்டு. அந்தப் பச்சை மலை யாரோ சிலருக்குச் சொந்த ஊர் போல. அங்கே பிறக்காதவர்களுக்கு விடுமுறைதோறும் ஏன் அங்கேயே கூட்டிப்போகிறார்கள் என்பது புரியாது.

தஞ்சாவூரில் இருக்கும் என் அக்கா மகன் 'ஆஸ்ட்ரோ பாட்' ஆடிக்கொண்டிருந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். 2024-இல் வெளிவந்து அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதைப் பெற்ற படைப்பு அது. 300 குட்டி ரோபோக்களை மீட்க வேண்டும். அவற்றில் ஏறத்தாழ பாதி, பழைய பிளேஸ்டேஷன் ஆட்டங்களின் நாயகர்களைப் போல வேடமிட்டவை. ஒவ்வொன்றையும் மீட்டவுடன், "இது யாரு மாமா?" என்று கேட்பான். சிலருக்குப் பதில் சொன்னேன், பலரை எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். ஆனால் எலியாகச் சுருங்கி ஓட்டைக்குள் நுழைவதும், தண்ணீரை உறிஞ்சிக் கடற்பஞ்சு போல ஊதிப் பெருப்பதும் வரும் ஸ்டேஜ்களை மட்டும் திரும்பத் திரும்ப ஆடினான். அவன் தேர்ந்தெடுத்தவை எல்லாம், யாரையும் நினைவுபடுத்தாமல் தாமாகவே வேடிக்கையாக இருந்த பகுதிகள்தான். அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களிடம் கற்பனைக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு கற்பனை இருந்தும் விழாவுக்கு வந்த பெரியவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிப்பது போல ஏன் அத்தனை வேடங்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது.

காரணம் தெரியாமலும் இல்லை. அன்று சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயது, கையில் சம்பளம், மனத்தில் சோர்வு. 'யூகா லெய்லி' என்ற ஆட்டத்துக்காக 2015-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது 20 லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. கேட்டவர்கள் 1998-இல் 'பாஞ்சோ கசூயி' என்ற பிளாட்ஃபார்ம் ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள், வாக்களித்ததும் அதே மாதிரி ஓர் ஆட்டத்தை. 2017-இல் அது வெளிவந்தபோது கேமராவின் தொல்லை உட்பட எல்லாமே அதே மாதிரிதான் இருந்தது என்று பலரும் குறைபட்டார்கள். கேட்டதைக் கொடுத்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பணம் போட்டவர்கள் விரும்பியது ஓர் ஆட்டத்தை அல்ல, தங்கள் பத்தாவது வயதை.

பழைய தோற்றமே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. 2018-இன் 'செலஸ்டி' புள்ளிப் புள்ளியான படங்களால்தான் ஆனது. விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த பிறகும் இமைப்பொழுது வரை தாவலை ஏற்றுக்கொள்ளும் அதன் பெருந்தன்மையும், ஒரு மலையேற்றத்தை மனப்பதற்றத்தோடு போராடும் பெண்ணின் கதையாக்கிய துணிச்சலும், பழைய ஆட்டம் எதையும் ஆடாதவனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 2023-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' இன்னொரு சான்று. முதல் ஸ்டேஜிலேயே அதிசயப் பூவைத் தொட்டவுடன் பச்சைக் குழாய்கள் புழுக்களைப் போல நெளிந்து நகரத் தொடங்குகின்றன. அடுத்ததில் கடிக்கும் செடிகள் ஊர்வலம் போய்ப் பாடுகின்றன. 1985 முதல் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த நேரக்கெடுவையும் எடுத்துவிட்டார்கள். குழாயை முன்பே பார்த்திருந்தால் கூடுதலாகச் சிரிக்கலாம், பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. இப்படி ஒன்று வருவதற்கு 2006-இலிருந்து பதினேழு ஆண்டுகள் பிடித்ததே என்பதுதான் வருத்தம்.

இன்னும் தொடப்படாமல் கிடப்பவை ஏராளம். டெல்டாக்காரன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீர். 1985-இன் இரண்டாம் உலகத்தில் மரியோ நீருக்குள் மெதுவாக நீந்தியதிலிருந்து, பிளாட்ஃபார்ம் ஆட்டங்களில் தண்ணீர் என்றாலே வேகம் குறையும் இடம், மீன்கள் முட்டவரும் இடம் என்றே பெரும்பாலும் நின்றுவிட்டது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு என்று வரும், அங்கே பிரிந்து வெண்ணாற்றில் எவ்வளவு விடுவார்கள், கடைமடைக்கு என்று எட்டும் என்று கணக்குப் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்த பிறகே மதகுச் சுவரிலிருந்து குதிப்போம். தலைப்பில் ஒரு ஷட்டரைத் தூக்கினால் இரண்டு ஸ்டேஜுக்குக் கீழே ஒருவர் தாவ வேண்டிய தூரம் மாறும். ஒரு வாய்க்காலுக்கு விட்டால் இன்னொன்று வறளும். முறை வைத்துத்தான் எல்லா இடத்துக்கும் போக முடியும். இதை விடத் தாவலுக்குப் பொருத்தமான புதிர் வேறென்ன வேண்டும்?

இதன் விதையும் பழையதிலேயே கிடக்கிறது. 'சூப்பர் மரியோ 64' ஆட்டத்தில் வெட் ட்ரை வேர்ல்ட் என்று ஒரு ஸ்டேஜ் உண்டு. அதன் நுழைவாயில் ஓர் ஓவியம்; அந்த ஓவியத்துக்குள் எவ்வளவு உயரத்தில் குதிக்கிறோமோ, அதற்கேற்ப உள்ளே நீர்மட்டம் இருக்கும். உள்ளே போன பிறகும் சில படிகக் கற்களைத் தொட்டு மட்டத்தை ஏற்றலாம், இறக்கலாம். அந்த ஆட்டத்தை எண்ணற்றோர் போற்றுகிறார்கள். அதன் கோட்டையையும் இசையையும் நட்சத்திரங்களையும் அப்படியே நகலெடுத்த ஆட்டங்களை நானே ஆடியிருக்கிறேன். அந்த நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போன பெரிய ஆட்டம் ஒன்றும் இதுவரை என் கைக்கு வரவில்லை. வந்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன், அதில் மரியோ இல்லாவிட்டாலும் சரி.