மருத்துவ ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஏசிஎல் (முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார்) கிழிந்த மாணவரிடம் "விளையாட்டை விட்டுவிடு, உதவித்தொகை தொடரும்" என்று பயிற்சியாளர் மருத்துவ ஓய்வுத் தாளை, அதாவது உடல்நிலையால் விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விலகும் தாளை, நீட்டினால், அணிக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் பாருங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் விதிப்படி ஓர் அணி இத்தனை பேருக்குத்தான் உதவித்தொகை தரலாம் என்று வரம்பு இருந்தது; மருத்துவக் காரணத்தால் விலகியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பிரிவில் பல்லாண்டுகள் அந்த வரம்பு 85. ஒருவர் விலகினால் இன்னொருவருக்கு இடம். 2025-இல் வரம்பு முறை மாறினாலும் இடத்துக்கான நெருக்கடி தீரவில்லை.

மெடிக்கல் ரெட்ஷர்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது இழந்த பருவத்தைத் திரும்பக் கேட்பது. பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டிருக்க வேண்டும், 30 சதவீதப் போட்டிகளுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது (மூன்று போட்டி வரை பொதுவாகப் பரவாயில்லை). ஓய்வுத் தாளோ அதே கல்லூரியில் திரும்பி ஆடும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இனி ஆட முடியாது என்று முடிவு எடுத்த மருத்துவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். அது பயிற்சியாளர் எடுக்கும் முடிவே அல்ல. எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது, படங்களை டிஸ்க்கில் வாங்குங்கள். அறுவையில் கிழிந்ததற்குப் பதிலாக வைத்த ஒட்டுத் தசைநார் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை வெளி மருத்துவர் படத்தில்தான் பார்க்க முடியும். அறுவைக் குறிப்பும் வேண்டும்.

உதவித்தொகை எத்தனை ஆண்டு, கோடைக்கால வகுப்புக்கும் உண்டா என்பதை நிதி உதவி அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நிறைய பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ மேல்முறையீட்டு விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விசாரிப்பது விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு.