இதுதான் கடைசியா என்று கேட்டால்

கோவிட் ஊசி போட்ட நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஊசியே வேண்டாம் என்று சண்டை போட்டவர்களைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், நர்ஸான என் மேசைக்கு வந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. முதல் ஊசிக்கு விடியும் முன்பே வந்து உட்கார்ந்தவர்கள், இரண்டாவதுக்கும் தேதி தவறாமல் வந்தவர்கள், மூன்றாவது என்றதும் முகம் மாறினார்கள். இவர்களையும் ஊசிக்கு எதிரானவர்கள் என்று ஒரே மூட்டையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘இதுதான் கடைசியா’ என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலும் சரியானதுதான். இருந்தும் அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

முதலில் அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி இந்தியாவிலிருந்து பத்து லட்சம் டோஸ் அஸ்ட்ராஜெனெகா வந்து இறங்கியது. ஒரு வாரத்துக்குள், அப்போது இங்கே பரவிய பீட்டா வகைக் கொரோனாவால் வரும் லேசான, மிதமான நோயை அது அவ்வளவாகத் தடுக்கவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். பிப்ரவரி 17 முதல் சிசோன்கே ஆய்வின் கீழ் எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்டார்கள், ஒன்றே போதும் என்றார்கள், நவம்பரில் எங்களையே இன்னொன்றுக்குக் கூப்பிட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மே 17இல் ஃபைசர் தொடங்கியது, முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 42 நாள் இடைவெளி. கையிருப்பு குறைவு, முடிந்தவரை நிறையப் பேருக்கு முதல் ஊசி போய்ச் சேரட்டும் என்பதற்காக நீட்டிய இடைவெளி அது. ஜூலையில் கலவரம், கடைகள் எரிந்தன, ஊசி போடும் இடங்கள் மூடிக் கிடந்தன. நவம்பர் கடைசியில் ஒமிக்ரான் என்ற புது வகை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து “பார்த்தாயா, என்ன பிரயோஜனம்” என்று கேட்டார். டிசம்பர் கடைசியில் பூஸ்டர், அதாவது மூன்றாவது ஊசி என்ற பேச்சு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது, நான் அதையெல்லாம் படித்தேன், படிப்பது என் வேலை. வரிசையில் உட்கார்ந்திருக்கிற எழுபது வயதுக்காரருக்கு யாரும் அதை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

2022 ஜனவரியில் ஒரு வயதான ஆயா வந்தார், மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களில் சிலரிடம்தான் இன்னும் வாய் நிறையத் தமிழில் பேச முடியும், அதனால் என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், இரண்டு தேதியும் பளிச்சென்று தெரிந்தது. பிரஷர், சர்க்கரை இரண்டுமே உண்டு. சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டிவிட்டு, நான் பஞ்சை எடுக்கும்போது கேட்டார்:

“இதோட முடிஞ்சுதா கண்ணு?”

நான் சொன்னேன், “முடிஞ்சுதுன்னு என்னால சொல்ல முடியாது ஆயா. அப்புறம் இன்னொண்ணும் போடச் சொல்லலாம்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. “அப்போ எல்லாம் முடிவானதும் சொல்லியனுப்பு, வர்றேன்” என்று தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். நான் பேச ஆரம்பித்தேன், ஆறு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி குறைகிறது, வைரஸ் உருமாறியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றாமல் இருக்கத்தான் இது என்று. அவர் தலையாட்டினார், கையை மட்டும் மறுபடி நீட்டவில்லை. போகும்போது மகன் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: “ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்.”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லச் சொல்கிறாரே என்று. ஏற்கனவே ஒன்று போதும் என்று ஒருமுறை சொல்லப்பட்டு அது மாறியதைப் பார்த்தவள் நான், என் வீட்டிலேயே அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு முறை ‘இதுதான் கடைசி’ என்று என் வாயால் சொல்லி, அதுவும் மாறிவிட்டால் அந்த ஆயா பிரஷர் மாத்திரையையாவது நம்பி வாங்குவாரா? நான் பயந்தபடியே எல்லாம் மாறியது. பிப்ரவரியில் 42 நாள் 21 ஆனது, பூஸ்டருக்கான ஆறு மாதம் மூன்று மாதமானது. ஜூனில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்காவதும் போடலாம் என்று அறிவித்தார்கள். நான் சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் நான் சரியாக இருந்ததால் அவருக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தால், மூன்றாவது ஊசி இல்லாத ஒரு கைதான்.

பக்கத்து மேசையில் இருந்த சக நர்ஸ் எல்லாரிடமும் “இது ஒண்ணுதான், முடிஞ்சது” என்று சொல்லிப் போட்டுக்கொண்டே போனார். அவர் மேசையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை. ஜூனில் அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் எல்லா மேசையிலும் கதை அதுதான், நான் உண்மை சொன்னவர்களும்கூட வரவில்லை. ஆகவே இதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல முடியாது, என்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒன்று மட்டும் உண்மை: ஜனவரியில் ஆபத்து கண்ணெதிரே இருந்தது, அந்த ஜனவரியில் அவரிடம் வந்தவர்கள் ஊசியோடு போனார்கள்.

அப்புறம் நிறைய நாள் கழித்து எனக்குத் தோன்றியது, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை யாரும் ‘இந்த வருஷத்தோடு முடிந்ததா’ என்று கேட்பதில்லையே, அதை அன்று சொல்லியிருந்தால் ஆயா உட்கார்ந்திருப்பார் என்று. உட்கார்ந்திருப்பார்தான். ஆனால் சாமி மேல் இருக்கிற நம்பிக்கையை எடுத்து ஊசிக்கு முட்டுக் கொடுப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கூழ் ஊற்றுகிறவர் அதைத் தானே விரும்பிச் செய்கிறார், வீடே சேர்ந்து செய்கிறது. ஊசி மேலிடத்திலிருந்து வருகிறது, தேதியை யாரோ மாற்றுகிறார்கள். ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போட்டுக்கொள்கிறவர்களும் எங்கள் பகுதியில் உண்டு, அவர்கள் மூன்றாவதுக்கு முனகவில்லை. ஃப்ளூவை யாரும் ஒரே ஊசியில் ஒழித்துக்கட்டப் போவதாகச் சொன்னதில்லை. திரும்பத் திரும்பப் போடுவதையே மக்கள் வெறுக்கிறார்கள் என்று சொல்வது தப்பு என்றுதான் நினைக்கிறேன். முடிவு என்று காட்டிய இடம் நகர்ந்துகொண்டே போனதில்தான் அவர்களுக்கு மனம் விட்டுப்போனது.

அந்த ஆயாவை அப்புறம் மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார், பேரனைப் பற்றிப் பேசினார். அவர் நன்றாக இருப்பதால் ஊசி தேவையில்லை என்று ஆகிவிடாது, எனக்கு நிம்மதியும் வரவில்லை. ஊசியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ.

2022 கடைசியில் லிம்போபோ மாகாணத்தில் தட்டம்மை பரவ ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில், ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ஏற்கனவே போட்டிருந்தாலும் பரவாயில்லை, 15 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று போடுங்கள் என்று இயக்கம் நடந்தது. பள்ளி ஒன்றில் ஒரு அம்மா சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார், இத்தோடு முடிந்ததா அக்கா என்று. இந்தத் தடவை நான் வரிசையை மாற்றிச் சொன்னேன்: “இப்போ அம்மை பரவிக்கிட்டு இருக்கு, இன்னிக்கு இது வேணும். நாளைக்கு வேணுமான்னா, அதை அன்னைக்கு உள்ளதை வச்சுத்தான் சொல்ல முடியும்.” அவர் கையெழுத்துப் போட்டார்.

சக நர்ஸிடம் சொன்னபோது, நீயும் கடைசியில் சுற்றி வளைத்து ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறாய் என்றார். இல்லை என்று வாதாடினேன். அந்த அம்மாவிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதிலும் சொல்லவில்லை, வேறொன்றை முன்னால் வைத்தேன். அது போக, பிள்ளைக்கு அம்மை வரும் என்றால் எந்தத் தாய்தான் யோசிப்பாள், நான் எப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றும் படுகிறது.