கட்டம்போட்ட கொடிக்குப் பிறகு

அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரிக்கு அருகே, கார் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். டிசம்பர் முதல் வாரம் நெருங்கினால் எங்கள் ஷிஃப்டில் விடுப்பு கேட்பவர்களின் வரிசை நீளும். பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று முதல் வருடம் வியந்தேன். தெற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பென்சகோலாவில் ‘ஸ்னோபால் டெர்பி’ (பனிப்பந்து டெர்பி) என்ற கார் பந்தயம் நடக்கிறது என்றும், அதைப் பார்க்கத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள் என்றும் எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். அவர் பென்சகோலாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அடுத்த ஆண்டு என்னையும் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

பனி அரிதாகவே விழும் ஊரில் பனிப்பந்தின் பெயரால் ஒரு பந்தயம் நடப்பதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் வட மாநிலங்களின் பந்தயத் தளங்கள் மூடிக்கிடக்கும். வண்டியும் ஆட்களும் சும்மா இருப்பார்கள். புளோரிடாவின் வடமேற்கு மூலையிலோ டிசம்பரிலும் பகலில் ஒரு மெல்லிய சட்டையோடு வெளியில் நிற்கலாம். பந்தயம் நடக்கும் ஃபைவ் ஃப்ளாக்ஸ் (ஐந்து கொடிகள்) ஸ்பீட்வே 1953-இல் திறக்கப்பட்ட அரை மைல் நீள்வட்டத் தளம். ஸ்பெயின் தொடங்கி ஐந்து கொடிகள் அந்த ஊரின் மேல் பறந்திருக்கின்றன என்பதால் அந்தப் பெயர். பந்தயப் பருவம் முடிந்த பிறகு அங்கே ஒரு பந்தயம் வைத்தால் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆள் வரும் என்ற கணக்கில் 1968-இல் தொடங்கியதுதான் இந்த டெர்பி. முதல் வெற்றி உள்ளூர்க்காரரான வேய்ன் நீடெக்கனுக்குப் போயிற்று. ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. 1976-இல் வென்றவர் கென்டக்கியில் பிறந்த புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் டாரல் வால்ட்ரிப். 1990-களில் விஸ்கான்சினிலிருந்து வந்த ரிச் பிக்கிள் மொத்தம் ஐந்து முறை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். 2010-இல் பென்சகோலாவையே சேர்ந்த ஜொஹானா லாங் என்ற பதினெட்டு வயதுப் பெண் வென்றதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் மேற்பார்வையாளரின் குரல் கொஞ்சம் உயரும்.

முந்நூறு சுற்றுகள் என்றால் நூற்றைம்பது மைல். தூரம் பெரிதல்ல, தளம்தான் பெரிய விஷயம். அந்தத் தார்ப்பரப்பு உப்புத்தாள் போல டயரைத் தின்றுவிடும். கிடைக்கும் டயர்களோ எண்ணிக் கொடுக்கப்பட்டவை. ஆகவே தொடக்கத்தில் பாய்ந்து முன்னே போகிறவன் முப்பது நாற்பது சுற்றுகளில் வழுக்கத் தொடங்குவான். பின்னால் பொறுமையாக ஓட்டியவன் அவனை ஒவ்வொரு திருப்பத்திலும் நெருங்குவான். வண்டிகள் இடப்பக்கம் மட்டுமே திரும்புவதால் வலது டயர்களின் சுற்றளவு இடது டயர்களைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். எடையையும் இயன்றவரை இடப்பக்கமாக, தாழ்வாக வைக்கப் பார்ப்பார்கள். இடப்பக்கம் எத்தனை சதவீதம் எடை இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. என் தொழிலுக்கு அந்தப் பந்தயம் நெருக்கமாகத் தெரிந்தது இந்த இடத்தில்தான்.

பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம்போட்ட கொடி அசைந்ததும் என் ஊர்க்காரர்களைப் போல நானும் கிளம்ப எழுந்தேன். மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை” என்றார். முதலில் வந்த வண்டியைப் பரிசோதனைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர் ‘ரூம் ஆஃப் டூம்’, அதாவது தலைவிதி எழுதும் அறை. காலியான இருக்கைகளுக்கு நடுவே, காகிதக் கோப்பைகள் காற்றில் உருள, ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். கதவு ஒருமுறை திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மெக்கானிக் ஒருவர் கழற்றிய போல்ட்டுகளையும் வாஷர்களையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தகரத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி பூட்ட வேண்டி வரும் என்ற நம்பிக்கை அந்த வரிசையில் இருந்தது.

காத்திருந்தவர்கள் 2013-ஐப் பற்றித்தான் பேசினார்கள். பதினாறு வயதில், 2011-இலேயே, இந்தப் பந்தயத்தை வென்றிருந்த சேஸ் எலியட் அந்த ஆண்டும் முதலில் கோட்டைத் தாண்டினார். பிறகு அவர் வண்டியில் எடைக்காக வைத்த பொருள்களில் டங்ஸ்டன் என்ற உலோகம் இருந்தது தெரிந்தது. விதி அதை அனுமதிக்கவில்லை. வெற்றி எரிக் ஜோன்ஸுக்குப் போயிற்று. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் எடை, டங்ஸ்டனோ 19.3 கிராம். அதே எடையை மிகச் சிறிய இடத்தில், விரும்பிய மூலையில் ஒளித்து வைக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2015-இல் முதலில் வந்த கிறிஸ்டோபர் பெல் தகுதி நீக்கப்பட்டபோது கோப்பை எலியட்டிடம் வந்தது. 2019-இல் ஸ்டீபன் நாசி இழந்ததை ட்ராவிஸ் பிரேடன் பெற்றார். வென்றவர் பட்டியலை இந்தக் கதைகள் தெரியாமல் வாசித்தால் பாதிதான் புரியும்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஆலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டின் கோடையில் 480 பிராக்கெட்டுகள் (உதிரிபாகங்களைத் தாங்கும் துண்டுகள்) கொண்ட ஒரு தொகுதியை நான் நிறுத்தி வைத்தேன். துளையின் விட்டம் அனுமதித்ததைவிட மூன்று மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு, கூடுதல். லாரி வெளியே நின்றிருந்தது. உற்பத்தி மேலாளர் வந்து, இதனால் எந்தக் காராவது ஓடாமல் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்றே நான் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அளவு பார்த்த கருவியை வேறொன்றால் சரிபார்த்தோம், அறை வெப்பநிலையைப் பார்த்தோம், எண் மாறவில்லை. இரண்டு வாரங்கள் உணவறையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்ற கேள்வியைவிட, அற்பமான ஒன்றுக்காகச் செய்தேனோ என்ற கேள்விதான் என்னை அரித்தது. ஒரு கையளவு உலோகத்துக்காக முந்நூறு சுற்றுகளை அழிக்க முடிகிற கூடத்தின் வாசலில் நின்றபோது, அந்த அரிப்பு முழுவதும் போகாவிட்டாலும், அதோடு இருக்கப் பழகலாம் என்று தோன்றியது. அங்கே ‘இல்லை’ என்று சொல்கிறவர் ரசிகர்கள் நிற்கும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

அன்று வண்டி தேறியது. இரவு வெகுநேரம் கழித்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கைதட்ட நாற்பது பேர்கூட இல்லை.

இப்போது நான் வேறு மாநிலத்தில், வேறு வேலையில் இருக்கிறேன். டிசம்பரில் டெர்பி நடக்கும் ஞாயிறு இரவு மேற்பார்வையாளருக்கு யார் வென்றார்கள் என்று கேட்டுச் செய்தி அனுப்புவேன். கடந்த முறை வந்த பதில் ஒரே வரி: “கூடத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.”