பாம்பன் கரையில் முதல் திரைப்படம்

தொலைக்காட்சித் தொடர்களை இயக்கிய ஆண்டுகளில், ஏறத்தாழ 20 நிமிட அத்தியாயத்தை ஒரே வீட்டுக்குள் ஒரே நாளில் எடுத்து முடிப்பது எனக்குப் பழகிப்போன வேலையாக இருந்தது. முதல் திரைப்படத்தைச் சொந்த ஊரான பாம்பனில் எடுக்க வந்தபோது, காற்றையும் கடலையும் பார்த்து நாள் குறிக்கும் வேலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அனுமதிகளுக்காக மாவட்ட நிர்வாகம், காவல்துறை, வனத்துறை ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பித்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை என்பதால், தீவில் நடப்பதாக எழுதியிருந்த பகுதியை முன்பே கரைக்கு மாற்றிவிட்டேன். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோன் காட்சிகளையும் கைவிட்டு, அவற்றை வள்ளத்தில் அமர்ந்திருப்பவரின் பார்வையில் எடுத்தோம். கதைக்கு அதுவே பொருத்தம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையோரம் நிற்கும். படகுத் தொழிலாளர்களையே நடிக்க அழைத்ததால், தொழில் இல்லாத அந்நாட்களில் அவர்களது கூலி அன்றன்று மாலையே கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

கடினமான பகுதி அதன் பின்னரே வந்தது. கதாநாயகி அமைதியான கடலைப் பார்த்து நிற்க, சற்று நேரத்தில் அதே கடல் கொந்தளிக்க வேண்டும். "சோழகம் ஓயுற வரைக்கும் தென்கடல் இப்படித்தான் இருக்கும் தம்பி, அமைதியான கடல் வேணும்னா வடக்க போங்க" என்றார் ஒரு மீனவப் பெரியவர். சோழகம் என்பது தெற்கிலிருந்து வீசும் காற்று. வாடைக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். வடக்கே பாக் நீரிணை பொங்க, தெற்கே மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். ஆனால் இரு கரைகளையும் ஒரே இடமாகக் காட்டுவதில் வெளிச்சம் இடறியது. வடகரையில் கடலைப் பார்த்து நின்றால் காலை வெயில் வலப்பக்கம் விழும். தென்கரையில் அதே நேரத்தில் இடப்பக்கம் விழும். ஆகவே அமைதியான கடலைக் காலையில் வடகரையிலும், கொந்தளிப்பை மாலை வெயில் வலப்பக்கம் விழும் நேரத்தில் தென்கரையிலும் எடுத்தோம். ஒளிப்பதிவாளர் இரண்டுக்கும் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டு நேரம் குறித்துக்கொடுத்தார். முந்தானை பறக்கும் திசையைக்கூட உதவி இயக்குநர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எழுதி வைத்தார்.

காற்றின் இரைச்சலால் நேரடி ஒலி பயன்படவில்லை. பாசி எடுக்கும் பெண்களாக நடித்த ஊர்ப் பெண்களையே சென்னைக்கு அழைத்துச் சென்று டப்பிங் பேச வைத்தேன். அந்தப் பேச்சின் இழுப்பும் வேகமும் வேறு குரலில் வராது. தணிக்கைக்கு அனுப்புமுன், பீடி புகைக்கும் காட்சிகளில் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தோம். 'யு/ஏ 13+' சான்றிதழ் கிடைத்தது.