நூறு கிராமுக்குக் கீழே

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் ஒரு முந்திரி ஆலையில் 1993 முதல் 2011 வரை நான் கூலிக் கணக்கு எழுதினேன். எங்கள் பக்கத்தில் அதை ஆலை என்று யாரும் சொல்வதில்லை. அண்டி ஆபீஸ் என்பதே வழக்கு; அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. மாலை நான்கு மணி ஆனதும் தோல் உரிக்கும் கூடத்திலிருந்து பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து தராசின் முன் நிற்பார்கள். எடை போடுபவர் உரக்கச் சொல்லச் சொல்ல, அட்டை எண்ணுக்கு நேரே நான் பேரேட்டில் எழுதுவேன். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தேவையா, கூலியைச் சந்தையிடமே விட்டுவிடலாமா என்ற விவாதத்தில் அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் நான் ஒரு கட்சியாக இருந்திருக்கிறேன். அதற்காகக் கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அந்த விஷயத்தில் இன்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

எதிர்க்கட்சி எங்கள் மேலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர், பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர், வேலையில் நேர்மையானவர். கணக்கை மூடிய பிறகு இருவரும் பால் சேர்க்காத கட்டன்சாயா குடிப்பது வழக்கம், அதுதான் எங்கள் வாதமேடை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று, சென்னை நகரத்தின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டிக் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி மாறும். அந்தச் சுற்றறிக்கை வரும் வாரத்தில் அவருக்குப் பேச்சு தானாக ஊறும்.

"அண்ணே, தக்காளிக்குக் கீழ்விலை இதுதான்னு சட்டம் போட்டா என்ன நடக்கும்? தக்காளி அழுகும். வேலைக்குக் கீழ்விலை வச்சா, அந்த விலை பெறாத ஆள் வீட்டில இருப்பா. சட்டம் அவளுக்குக் கூலியைக் கூட்டல்ல, வேலையைத்தான் எடுத்துது" என்பார்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் இந்தத் தொழில் வேர் பிடித்த கதையே அவர் பக்கத்துச் சாட்சியாக நிற்கிறது. முந்திரித் தொழிலின் தலைமையிடம் கேரளத்துக் கொல்லம். அங்கே தொழிற்சங்கங்கள் வலுத்து, சட்டப்படியான கூலியும் படிகளும் உயர உயர, முதலாளிகள் பச்சை அண்டி மூட்டைகளை லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்பத் தொடங்கினார்கள். கொல்லத்திலிருந்து களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மார்த்தாண்டம் வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். வேலை போகிறதே என்று 1969-இல் கேரள அரசு முந்திரி வளர்ச்சிக் கழகம் ஒன்றைத் தானே தொடங்க வேண்டியதாயிற்று. இதில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்பு கொல்லமும் எங்கள் மாவட்டத்துக் கல்குளமும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்ப் பகுதிகள். மொழிவழி மாநிலம் வேண்டும் என்று போராடி நாம் பெற்ற அந்த எல்லைக்கோடு, யாரும் நினைத்துப் பாராமலே இரண்டு கூலிகளுக்கு இடையிலான எல்லைக்கோடும் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் பல ஆயிரம் பேர் சாப்பிட்ட சோறு அந்த வித்தியாசத்தில் வெந்தது.

மேலாளர் இதைச் சொல்லும்போது நான் வாயடைத்துப் போவேன். பிறகு ஒரு நாள், அதே வாதத்தை அவர் எங்கள் பெண்களிடம் திருப்பியதைக் கேட்டேன். கூலி உயர்வு கேட்டு அவர்கள் முற்றத்தில் நின்றபோது, இப்படிக் கேட்டால் தொழில் ஆந்திரத்துப் பலாசாவுக்குப் போய்விடும் என்றார். கொல்லத்துக்குச் சொன்ன அதே பயமுறுத்தல், நூறு கிலோமீட்டர் தெற்கே வந்து எங்களிடம் பலித்தது. பலாசாவில் இருப்பவர்களுக்கு வேறு ஓர் ஊரின் பெயர் சொல்லப்பட்டிருக்கும். ஒரு மாநிலத்தின் சட்டம் அடுத்த மாநிலத்தின் குறைந்த கூலியால் தோற்கிறது என்றால், சட்டமே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். நாடு முழுவதற்கும் ஒரு தளம் வேண்டும் என்பதும் ஒரு முடிவுதான். அப்படி ஒரு தேசியத் தளக் கூலியை நடுவண் அரசு 1996-இல் நாளொன்றுக்கு 35 ரூபாய் என்று அறிவித்தது. 2017-இல் அது 176 ரூபாயாக இருந்தது. ஆனால் அதற்குச் சட்டத்தின் பலம் இருக்கவில்லை. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தில்தான் தளக் கூலிக்கு ஒரு பிரிவு வந்தது. வியட்நாமில் இயந்திரம் உடைக்கும் அண்டியோடு இந்தியத் தளக் கூலி எப்படிப் போட்டியிடும் என்று மேலாளர் கேட்டால், அதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

என் பக்கத்தில் முதலில் நான் வைத்தது நீதிமன்றத்தை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள் அங்கே நிர்ணயித்த கூலியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன உன்னிச்சோயி வழக்கில், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் திறனைப் பார்க்க வேண்டியதில்லை என்று 1961-இல் தீர்ப்பாயிற்று. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் கூறு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றே நீதிமன்றம் சொன்னது. "தீர்ப்பு எழுதினா வேலை முளைக்குமா அண்ணே?" என்பார் மேலாளர். நியாயமான கேள்வி. நீதிபதிகள் கூலியின் நியாயத்தைச் சொன்னார்கள். அவர் கேட்டது அதன் விளைவை.

விளைவைப் பற்றிப் பேச அவருடைய பொருளாதாரத்துக்குள்ளேயே போக வேண்டியிருந்தது. அங்கே எனக்குக் கிடைத்த நல்ல ஆயுதம், இந்தச் சட்டத்தின் பெரிய எதிராளி ஒருவரிடமிருந்தே வந்தது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946-இல் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து எழுதிய கட்டுரையில் ஓர் இடம் விட்டிருக்கிறார்: கூலியை முடிவு செய்யும் சக்தி முதலாளியின் கையில் இருந்தால், திறமையாக வைத்த ஒரு கீழ்மட்டக் கூலி, கூலியையும் வேலையையும் ஒருசேர உயர்த்தக்கூடும். நாடு முழுவதற்கும் ஒரே கூலியை வைத்து அதைச் சாதிக்க முடியாது என்பது அவர் முடிவு. ஆனால் முதல் பாதி எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தியது. எங்கள் பெண்கள் காலையில் சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நடந்து வருகிறவர்கள். அந்த நடைதூரத்துக்குள் இரண்டே அண்டி ஆபீஸ்கள். இரண்டிலும் ஒரே கிலோக் கூலி. உயர்ந்தால் ஒரே வாரத்தில் உயரும். முதலாளிகள் கூடிப் பேசினார்களா என்று யாரும் பார்த்ததில்லை. கூலியை ஏற்றாதிருப்பதில் முதலாளிகள் எங்கும் எப்போதும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உடன்பாட்டில் இருக்கிறார்கள் என்று சந்தையின் பிதாமகரான ஆடம் ஸ்மித்தே 1776-இல் எழுதிவிட்டார்.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அமெரிக்காவில் செய்த ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது மேலாளருக்கும் காட்டினேன். 1992 ஏப்ரலில் நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்ந்தது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் உயரவில்லை. எல்லையின் இருபுறத்துத் துரித உணவகங்களை ஒப்பிட்டபோது நியூஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994-இல் அவர்கள் எழுதினார்கள். சம்பளப் பட்டியல்களை வைத்து வேறு முடிவுக்கு வந்தவர்களும் உண்டு. மேலாளர் படித்துவிட்டு, "உணவகத்த லாரியில ஏத்த முடியாதே அண்ணே, அண்டிய ஏத்தலாமே" என்றார். அந்த ஒரு வரியில் அவர் அன்று வென்றார் என்றே நான் நினைக்கிறேன். எந்தத் தொழில் இடம் மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்காமல் இந்த விவாதத்தில் யார் பேசினாலும் பாதிதான் உண்மை.

ஆனால் எங்கள் இருவரின் வாதமும் ஓர் எண்ணைப் பற்றியதாகவே இருந்தது: கிலோவுக்கு எவ்வளவு. பேரேடு எழுதியவனுக்குத் தெரியும், பெண்ணின் மடியில் விழும் பணம் அந்த எண் மட்டுமல்ல. வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துத் தடியால் தட்டி உடைக்கும்போது முழுப் பருப்பாக வர வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொசுக்காதிருக்கச் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பருப்பு போர்மா என்னும் சூட்டு அறையில் உலர்ந்து உரிப்புக்கு வரும். பவுண்டுக்கு 180 பருப்பு நிற்கும் பெரிய ரகம் வந்தால் கிலோ சீக்கிரம் சேரும். பவுண்டுக்கு 450 நிற்கும் பொடி ரகம் வந்தால், ஒரே கிலோவுக்கு இரண்டரை மடங்கு பருப்பை விரல் உரிக்க வேண்டும். கூலி கிலோவுக்குத்தான். எந்தக் கப்பலில் எந்த நாட்டு அண்டி தூத்துக்குடிக்கு வந்தது என்பது, அந்த வாரம் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையில் யாருக்குக் கடன் ஏறும் என்பதைத் தீர்மானித்தது. 1948 சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. உருப்படிக் கணக்கில் வேலை செய்பவருக்கு, நேரத்துக்கு இவ்வளவு உறுதி என்று தனியாக ஒரு கூலியை நிர்ணயிக்கலாம் என்று 3-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். எங்கள் ஆபீஸில் அதை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை; கேட்கலாம் என்று நானும் சொன்னதில்லை.

மற்றொன்று நாள். கூலி வீதம் உயர்ந்ததற்காக எங்கள் ஆபீஸில் ஒருவரைக்கூட நிறுத்தியதில்லை. சரக்கு இல்லை என்று வாரத்துக்கு ஒரு நாள் கதவைச் சாத்துவார்கள், பிறகு இரண்டு நாள். மேலாளரின் தக்காளி அழுகவில்லை; கடைதான் அடிக்கடி பூட்டியிருந்தது. நாட்கள் குறைந்தால் ஈ.எஸ்.ஐ. பலனுக்கும் போனஸுக்கும் உரிய கணக்கும் கூடவே சுருங்கும்.

2008-இல் எங்கள் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. உரிப்புக் கூடத்தில் சில வரிசைகள் காலியாயின. பெண்கள் குளக்கரையிலும் வாய்க்காலிலும் மண்வெட்டியோடு நின்றார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி வேன் விட்டார். கிலோக் கூலியையும் அரசாணைக்கு மேலே கொஞ்சம் ஏற்றினார். "பாத்தீங்களா, போட்டி வந்தா கூலி தானா ஏறும்" என்று மேலாளர் மகிழ்ந்தார். போட்டியை ஊருக்குள் கொண்டுவந்ததே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று என்று நான் சொன்னேன். அன்று இருவரும் தாங்களே வென்றதாக நினைத்து வீட்டுக்குப் போனோம்.

தராசைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். எடை போடுபவர் "நாலு எண்ணூற்றி எழுபது" என்று சொன்னால் நான் 4.800 என்று எழுதுவேன். நூறு கிராமுக்குக் கீழே எழுதுவதில்லை என்பது எனக்கு முன்பிருந்த கணக்கர் சொல்லிக்கொடுத்த பாடம். பல ஆண்டுகள் அதில் நான் ஒரு தவறையும் பார்க்கவில்லை. ஓர் ஏப்ரல் மாதம், புதிய கூலி வீதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று மாலை, எண் 114 அட்டைக்கார அக்கா தட்டை இறக்காமலே கேட்டார்: "சாரே, கிலோவுக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் சொல்லியாச்சில்லா? அப்போ எழுவது கிராமுக்கு எவ்வளவு?"

அன்று இரவு கணக்குப் போட்டேன். உரிப்பில் 300 பேர். ஆளுக்குச் சராசரி 50 கிராம் என்றால் நாளுக்கு 15 கிலோ. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 375 கிலோ. ஏற்றுமதி டின் ஒன்று 11.34 கிலோ, ஆக மாதம் 33 டின் பருப்பு, உரித்த கூலி கொடுக்காமலே, என் பேனா வழியாகப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தை மேலாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "எடையக் குறைச்சு எழுதறதுக்குச் சந்தைன்னு பேரு இல்ல அண்ணே" என்றார். எங்களுக்குள் வாதமே இல்லாமல் முடிந்த பேச்சு அது ஒன்றுதான். முதலாளியை ஒப்புக்கொள்ளவைக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஜூன் மாதப் பேரேட்டில் கிராமுக்கென்று தனிப் பத்தி கோடிட்டேன். முதல் வாரக் கூலியை எண் 114 அக்கா இரண்டு தடவை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு, "இதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் எங்கே எழுதுவிய சாரே?" என்று கேட்டார். குறைத்துக் கொடுத்த கூலியை ஆறு மாதத்துக்குள் கோரிப் பெறச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழி இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். அடுத்த அட்டையை வாங்குவதற்காக நான் கையை நீட்டினேன்.