ஒரு பிடி நரை மயிர்

"ஓடுற நரியில ஒரு நரி சிறுநரி, சிறுநரி முதுகுல ஒரு பிடி நரை மயிர்" இத வேகமா அஞ்சு வாட்டி சொல்லுங்க பாக்கலாம். எங்க காட்பாடி பக்கம் சில பேரு கிழநரின்னு சொல்றாங்க, நரைன்னு வந்துட்டதால வயசான நரின்னு நெனச்சிக்கினு. எனக்கு சிறுநரிதான் சரின்னு படுது, ஏன்னா குள்ளநரிக்கு நரைக்க வயசாகவே வேணாம், முதுகுல கருப்பு வெள்ளை பழுப்பு முடி கலந்து போர்வை போத்துன மாதிரி கெடக்கும், மல்லாட்டை கொல்லையில ராத்திரி காவலுக்கு போனவங்கள கேளுங்க, டார்ச் அடிச்சா மொத கண்ணு மின்னும் அப்புறம் அந்த சாம்பல் முதுகுதான்.

நரை ரொம்ப பழைய சொல்லு, புறநானூறு 191ல பிசிராந்தையார் தனக்கு ஏன் நரைக்கலன்னு காரணம் சொல்றாரு. மயிரும் அப்டிதான், வள்ளுவரே "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா"ன்னு எழுதியிருக்காரு, நாமதான் அத திட்டு ஆக்கிட்டோம், இப்ப பசங்களுக்கு சொல்லித்தரும்போது கூச்சப்பட்டுக்கினு முடின்னு மாத்திடுறாங்க. மாத்தினா நாக்கு எங்கப்பா சிக்கும்? நரி, சிறு, நரை, மயிர்னு வரிசையா ர ற வந்து இடிக்கணும், அதுல இருக்குது விளையாட்டே. உங்க ஊர்ல சிறுநரியா கிழநரியா?