பட்ஜெட் கூட்டத்தில் மூன்று நிமிடம்

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தின் வடகடற்கரையில், கரும்புத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் ஊரில், ஓடையைத் தாண்டித் தொடக்கப்பள்ளிக்குச் செல்ல ஒரு நடைபாலம் இருந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பெருவெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பாலத்துக்காக நகராட்சியின் பட்ஜெட் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பேசினேன். முதலாண்டு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஏன் நடந்தது என்பதை, இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி நிர்வாகச் சட்டப்படி, ஜூலை 1 அன்று நிதியாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பாக மேயர் வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைக்க வேண்டும்; அதை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்; வந்த கருத்துகளை மன்றம் பரிசீலித்தபின், மேயர் அவற்றுக்குப் பதில் சொல்லவும் தேவையானால் பட்ஜெட்டைத் திருத்தவும் வாய்ப்பளிக்க வேண்டும். ஆகவே ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் சொல்லும் சொல்லுக்கு உள்ள எடை ஜூனில் சொல்வதற்குக் கிடையாது.

2023இல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மனம் கொதித்துக்கொண்டிருந்ததால், 1860இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரி, 1894இல் இந்தியர்களின் வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 10,000 கையெழுத்துகள் என்று வரிசையாகச் சொல்லி, தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் தொட்டுவிட்டுப் பாலத்துக்கு வருவதற்குள் மூன்று நிமிடம் முடிந்து, தலைவர் மணியடித்துவிட்டார். நான் சொன்ன வரலாறு முழுக்க உண்மை. அந்த மேடையில் நிற்கும் துணிச்சலை எனக்குத் தந்ததும் அதுதான். ஆனால் எதிரே பட்ஜெட் அட்டவணையை விரித்து வைத்திருந்த அதிகாரி, அதில் எந்த வரியை மாற்றச் சொல்கிறேன் என்று காத்திருந்தார். அதை மட்டும் நான் சொல்லவேயில்லை.

அன்றிரவு சின்னம்மாவிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, “சரிம்மா, அவங்க கையில என்ன எழுதிக்கணும்னு நீ நெனச்சே? அத ஒரே வாக்கியத்துல சொல்லு” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் முடிவில் வரைவு வெளியானதும் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இங்கே பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கான தொகைகள் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கும். எங்கள் பாலம் மூலதனச் செலவு அட்டவணையில் மூன்றாம் ஆண்டுப் பத்தியில் இருந்தது; முதலிரண்டு பத்திகளிலும் வெறும் கோடு. அப்போதுதான் கேட்கவேண்டிய வாக்கியம் கிடைத்தது: “இந்தத் தொகையை மூன்றாம் ஆண்டிலிருந்து முதலாண்டுக்கு மாற்றுங்கள்.”

பிறகு இரண்டு வாரம் காலை ஆறரைக்கு ஓடைக்கரையில் நோட்டுப் புத்தகத்துடன் நின்று எண்ணினேன். பெரிய பிள்ளைகள் காலணியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தம்பி தங்கையரை இடுப்பில் தூக்கிக் கல் கல்லாகத் தாண்டுவார்கள். காலுறைக்குமேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக் கட்டியிருந்த ஒரு சிறுமி, அக்கரை சேர்ந்ததும் அதை உதறி, நாலாய் மடித்து, மாலைக்கு வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டாள். மழை நாள்களில் என் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. மற்றவர்கள் சாலைவழியே சுற்றிப் போனார்களா, பள்ளிக்கே போகவில்லையா என்று ஆசிரியர்களிடம் கேட்டபோது, வருகைப் பதிவேட்டிலும் அதே நாள்களில் அதே குறைவு தெரிந்தது.

கரையில் என்னோடு தினமும் நின்றவர், பேரனைக் கொண்டுவிட வரும் ஒரு ஜூலு மூதாட்டி. நாங்கள் எல்லோரும் அவரைக் கோகோ, அதாவது ஜூலு மொழியில் பாட்டி, என்றே அழைப்போம். கூட்டத்துக்கு அவரையும் வரச் சொன்னேன். தமிழர் தெருவின் கோரிக்கையாக மட்டும் அது தெரிந்திருந்தால் பாதி உறுப்பினர்கள் காது கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. உண்மையிலும் அது ஓடையின் இரு கரைக்காரர்களுடைய கோரிக்கைதான். பக்க எண், கோரிக்கை, என் எண்ணிக்கை, பள்ளிப் பதிவேடு ஆகியவற்றை நான் சொல்வது, கரையில் கண்டதை அவர் சொல்வது என்று பிரித்துக்கொண்டோம். சின்னம்மாவின் முன்னால் கடிகாரத்தை வைத்துப் பலமுறை பேசிப் பார்த்தேன். கோபமான வாக்கியம் வரும்போதெல்லாம் அவர் கையைத் தூக்குவார், நான் அதை அடித்துவிடுவேன்.

கூட்டத்தில் “சானிபோனானி” என்று ஜூலுவில் வணங்கி, முதல் வாக்கியத்திலேயே பக்க எண்ணைச் சொன்னேன். உறுப்பினர்கள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சென்ற ஆண்டு அது கேட்கவில்லை. கோகோ தம் மொழியில், மழை இரவுகளில் பேரன் “நாளைக்கு ஓடையில் தண்ணீர் இருக்குமா” என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குவான் என்றார். அதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் உட்கார்ந்துவிட்டார். பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொண்டேன்.

மே மாத முடிவில் நிறைவேறிய பட்ஜெட்டில், வரைபடத்துக்கும் மண் ஆய்வுக்குமான தொகை முதலாண்டிலும், கட்டுமானத் தொகை இரண்டாம் ஆண்டிலும் இருந்தன. நாங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கட்டுமானப் பத்தி மறுபடி பின்னுக்குத் தள்ளப்படாமல் பார்க்க, அடுத்த வரைவு வந்த அன்றே கோகோவும் நானும் நூலகத்துக்குப் போனோம்.